‘டாலஸ்’ தொடரில் மீண்டும் பார்க்கத் தகுந்த அத்தியாயங்கள் எவை?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 1978 ஏப்ரல் முதல் 1991 மே வரை ஒளிபரப்பிய ‘டாலஸ்’ நெடுந்தொடரை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறேன். மொத்தம் 357 அத்தியாயங்கள் இருப்பதால் முடிப்பதற்கு இன்னும் நெடுநாள் ஆகும். டெக்சாஸ் எண்ணெய்ப் பணத்தில் கொழித்த யூயிங் குடும்பத்துக்கும், அவர்களால் வஞ்சிக்கப்பட்டதாகக் குமுறும் பார்ன்ஸ் குடும்பத்துக்கும் இருக்கும் பழைய பகை, பகையாளி வீட்டுப் பெண்ணான பமேலாவை இளைய மகன் பாபி மணந்து சவுத்ஃபோர்க் பண்ணை வீட்டுக்கு அழைத்து வருவதால் வெடிக்கும் பூசல், இதையெல்லாம் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் மூத்தவன் ஜே.ஆர். என்ற அளவில் கதையை இங்குள்ள பலரும் அறிவீர்கள்.

இத்தொடரைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது ‘ஜே.ஆரைச் சுட்டது யார்’ என்ற கேள்வியிலேயே போய் நின்றுவிடுகிறது. அதற்கான விடை 1980ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. ஆகவே நான் கேட்க விரும்புவது வேறு: முடிச்சு எது, அது எப்படி அவிழும் என்பதெல்லாம் தெரிந்த பிறகும் மறுபடி பார்க்கத் தூண்டும் அத்தியாயங்கள் எவை? ஒன்றைக் குறிப்பிட்டாலும் போதும், ஆனால் காரணத்தை விரிவாக எழுதுங்கள். கதையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோமே என்று தயங்க வேண்டாம், முக்கியமான திருப்பங்கள் எல்லாம் எனக்குத் தெரியும்.

என் பங்குக்கு, 1978இல் சோதனை முயற்சியாக வந்த முதல் ஐந்து அத்தியாயங்களில் நான்காவதான ‘விண்ட்ஸ் ஆஃப் வெஞ்சன்ஸ்’ என்பதைச் சொல்வேன். ஜே.ஆரும் பண்ணை மேலாளர் ரே கிரெப்ஸும் வெளியூரில் இரண்டு பெண்களுடன் இரவைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். புயல் வீசும் நாளில் அப்பெண்களில் ஒருத்தியின் கணவனும் அவனுடைய கூட்டாளியும் துப்பாக்கியுடன் சவுத்ஃபோர்க்குக்குள் நுழைந்து பழிக்குப் பழி என்று வீட்டுப் பெண்களை அவமானப்படுத்துகிறார்கள். ஜே.ஆரின் மனைவியும் முன்னாள் அழகிப் போட்டி வெற்றியாளருமான சூ எல்லனைப் பாடவைத்து அவன் ரசிக்கும் காட்சியைப் பார்ப்பது எளிதன்று. கணவனாக வரும் பிரையன் டென்னஹி ஒரே நேரத்தில் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்புகிறார். வெளியே ஆண்கள் செய்யும் தவற்றுக்கான விலையை வீட்டுக்குள் இருக்கும் பெண்கள் செலுத்துகிறார்கள் என்பது பின்னால் வரப்போகும் பல ஆண்டுக் கதைக்கும் பொருந்துகிறது. அது நான்காவது அத்தியாயத்திலேயே இவ்வளவு தெளிவாக இருப்பது எனக்கு வியப்பளித்தது.

செங்காந்தள் எழுதியது:

நல்ல கேள்வி. நான் தயக்கமின்றி யூயிங் சகோதரர்களின் தாயான மிஸ் எல்லியின் அத்தியாயங்களையே தேர்ந்தெடுப்பேன். துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பார்பரா பெல் கெடஸின் நடிப்பைப் பற்றிப் பேசுவது குறைவு. அவர் ஒருவர் இல்லாவிட்டால் சவுத்ஃபோர்க் என்பது பணக்காரர்கள் கூடிச் சண்டையிடும் விடுதியாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் 1979 இறுதியில் இரண்டு பகுதிகளாக வந்த ‘மாஸ்டெக்டமி’ (மார்பக நீக்க அறுவை சிகிச்சை). எல்லிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. முதன்மை ஒளிபரப்பு நேரத்தில் குடும்பங்கள் கூடிப் பார்க்கும் ஒரு தொடர் அக்காலத்தில் இந்நோயைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதே பெரிது, ஆனால் அதற்காக மட்டும் இதை நான் பரிந்துரைக்கவில்லை. கதாசிரியர்கள் நோயை ஒரு பழைய இரகசியத்துடன் பிணைத்த விதம்தான் என்னை ஈர்க்கிறது. எல்லியை மணப்பதற்கு முன் அவள் கணவர் ஜாக்குக்கு அமாண்டா என்ற மனைவி இருந்தாள் என்பதும், மனநோய் கண்டு அவள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு அவர் அவளை மணமுறிவு செய்துவிட்டார் என்பதும் சரியாக இந்த நேரத்தில் எல்லிக்குத் தெரியவருகின்றன. நோயுற்ற ஒரு மனைவியைக் கைவிட்டவர் இன்னொருத்தியையும் கைவிடமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? அறுவை சிகிச்சையைவிட அந்த எண்ணமே அவளை அதிகம் வதைக்கிறது. ஜாக் கொடியவரல்லர், அன்பானவர்தான். ஆனால் அன்பானவர்களும் கைவிடுவார்கள் என்பதை அவள் அறிந்துவிட்டாள். பெல் கெடஸ் தம் சொந்த வாழ்விலும் 1970களின் தொடக்கத்தில் இதே அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர். அவருக்கு 1980இல் சிறந்த நாயகிக்கான எம்மி விருது கிடைத்தது.

அடுத்து, அதே பருவத்தில் சிறிது பின்னால் வரும் ‘எல்லி சேவ்ஸ் த டே’. இது 1979 நவம்பர் 30 அன்று ஒளிபரப்பானது. தென்கிழக்கு ஆசியக் கடலில் எண்ணெய் தோண்டுவதற்காக ஜே.ஆர். யாருக்கும் தெரியாமல் சவுத்ஃபோர்க்கையே அடமானம் வைத்துவிட்டான். புயலில் அங்கே தளவாடங்கள் அழிகின்றன, கடனைத் திருப்பும் நாள் நெருங்குகிறது, ஜே.ஆரின் குட்டு வெளிப்படுகிறது. இந்த அத்தியாயம் முழுவதும் யாரும் யாரையும் சுடுவதில்லை, யாரும் மயங்கி விழுவதில்லை. பண்ணை எல்லியின் தந்தைவழிச் சொத்து. அதில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்பது அவள் பல்லாண்டுகளாகக் கட்டிக்காத்த உறுதி. வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த உறுதியை அவளே உடைக்க வேண்டும். கணவனும் மகன்களும் வங்கிக்கும் நண்பர்களுக்கும் அலைந்து கைவிரித்து நிற்கும்போது, அவள் நிலத்தைப் பார்த்து முடிவெடுக்கிறாள். நிலம் வைத்திருந்து கடனில் இழந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஜே.ஆர். மன்னிப்புக் கேட்கும் முறையையும் கவனியுங்கள். ஜே.ஆராக நடித்த லாரி ஹாக்மன் அதில் வருத்தத்தையும் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியையும் கலந்தே காட்டுகிறார்.

எண்ணெய்க்கிணறு எழுதியது:

நண்பர் வைகைக்கரைக்கு வணக்கம். துப்பாக்கிச் சூட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்ற உங்கள் நிபந்தனையை ஏற்க எனக்கு மனமில்லை. விடை தெரிந்தபின் பயனற்றுப் போவது 1980 நவம்பர் 21 அன்று வந்த ‘ஹூ டன் இட்’. அமெரிக்காவில் ஏறத்தாழ 8 கோடியே 30 லட்சம் பேர் பார்த்ததாகச் சொல்லப்படும் அந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி, பெயரைச் சொல்லாமல் காலம் கடத்துவதிலேயே கழிகிறது. ஆனால் ஜே.ஆர். சுடப்படும் ‘எ ஹவுஸ் டிவைடட்’ (1980 மார்ச் 21) அப்படிப்பட்டதன்று. விடை தெரிந்து பார்க்கும்போதுதான் அதன் கட்டுமானம் முழுதாகப் புலப்படுகிறது.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆசியக் கிணறுகள் அங்குள்ள அரசால் நாட்டுடைமையாகப் போகின்றன என்பதை முன்கூட்டியே அறிந்த ஜே.ஆர்., மற்ற எண்ணெய் முதலாளிகளிடமும் வங்கியாளர் வான் லீலண்டிடமும் தன் பங்கின் பெரும்பகுதியை நண்பனைப் போலச் சிரித்துக்கொண்டே விற்றுவிடுகிறான். மறுநாள் அவர்கள் கையில் இருப்பது வெற்றுத்தாள். அவர்களில் சேத் ஸ்டோன் தற்கொலை செய்துகொள்கிறான். இதனிடையே ‘யூயிங் 23’ என்ற கிணற்றின் வருமானத்தில் தன் தந்தை டிக்கருக்குப் பங்கு உண்டு என்பதற்கான பழைய ஆவணத்தைப் பமேலாவின் அண்ணன் கிளிஃப் பார்ன்ஸ் கண்டுபிடிக்கிறான். வாழ்நாளில் முதன்முறையாக நியாயமும் சட்டமும் அவன் பக்கம் இருக்கின்றன, ஜே.ஆரோ அந்தக் கிணற்றையே மூடிவிடுகிறான். அவனுக்காக இழிவான வேலைகள் செய்த வழக்கறிஞர் ஆலன் பீம்மீது பொய்க் குற்றச்சாட்டு, ஆசைநாயகியும் மனைவியின் தங்கையுமான கிறிஸ்டினை ஊரைவிட்டே துரத்தும் மிரட்டல், மனைவி சூ எல்லனை மீண்டும் மனநல விடுதியில் தள்ளும் திட்டம் என்று அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவன் தொடாத ஆளில்லை. அண்ணனின் செயல்களைப் பொறுக்க முடியாமல் பாபியும் பமேலாவை அழைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறான்.

இந்த அத்தியாயத்தில் குற்றம் இறுதி நிமிடத்தில் நடப்பதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு காட்சியிலும் நடக்கிறது, இறுதியில் கேட்பது அவற்றின் கணக்கு முடியும் ஓசை மட்டுமே. எழுதியவர் ரெனா டவுன், இயக்கியவர் அர்விங் மூர். உண்மையில் பருவத்தை ஜாக்மீதான கொலை வழக்குடன் முடிப்பதாகவே இருந்தார்கள். தொடருக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு சிபிஎஸ் கூடுதல் அத்தியாயங்களைக் கேட்டதால்தான் ஜே.ஆரைச் சுடும் எண்ணமே பிறந்தது. அவசரத்தில் எழுதப்பட்டதற்கான அடையாளம் ஒன்றும் தெரியவில்லை என்பது ஒருபுறம் இருக்க, திட்டமிட்டு எழுதப்பட்ட பிற்காலப் பருவ இறுதிகளில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் வர முடியவில்லை என்பேன்.

விடைக்காக உலகம் எட்டு மாதம் காத்திருந்ததற்கு ஹாக்மனின் ஊதியப் பேச்சுவார்த்தையும் அந்த ஆண்டு நடந்த நடிகர்கள் வேலைநிறுத்தமும் காரணங்கள். இரகசியம் கசியாமலிருக்கப் பல நடிகர்களும் சுடுவதுபோல் தனித்தனியாகப் படம் பிடித்து வைத்தார்கள். இவையெல்லாம் சுவையான செய்திகளே, ஆனால் அந்த அத்தியாயத்தின் தரத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. விளம்பரப் புழுதி அதன்மீது படிந்துவிட்டதால் நல்ல எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது என்பதே என் வருத்தம்.

முல்லைநிலம் எழுதியது:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன்: ‘த ஃபோர்த் சன்’. பண்ணையில் கூலிக்கு வேலை பார்த்த ரே கிரெப்ஸ், உண்மையில் ஜாக்குக்குப் போர்க்காலத்தில் ஒரு செவிலியிடம் பிறந்த மகன் என்பது வெளிப்படும் அத்தியாயம். ரேயை வளர்த்த ஏமஸ் கிரெப்ஸ் பணம் பறிக்கும் நோக்கத்துடன் பழைய நாட்குறிப்பைக் கொண்டுவருகிறான். ஜாக் அதைக் கேட்டு மறைக்கவோ பேரம் பேசவோ முயலாமல் ரேயை மகனாக ஏற்றுக்கொள்கிறார். ஜிம் டேவிஸ் அதிகம் பேசாத நடிகர். அவர் தலையசைத்தால் அது ஒரு பக்க வசனத்துக்குச் சமம்.

ஆனால் இந்தத் திருப்பத்தில் ஒரு சங்கடம் உண்டு. தொடரின் முதல் அத்தியாயத்திலேயே ரேயும் ஜாக்கின் பேத்தி லூசியும் வைக்கோல் பரணில் காதல் புரிந்தவர்கள். இரண்டாண்டுகள் கழித்து அவன் அவளுக்குச் சிற்றப்பன் முறையாகிவிடுகிறான். கதாசிரியர்கள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. வரிசையாகப் பார்ப்பவர்கள் முதல் பருவத்தை மறந்துவிட்டுப் பார்ப்பது நலம்.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எண்ணெய்க்கிணறு சொன்ன கோணத்தில் ‘எ ஹவுஸ் டிவைடட்’ அத்தியாயத்தை மீண்டும் பார்க்கிறேன். துணைக்கேள்வி ஒன்று: பாபி இறந்துவிட்டு, ஓராண்டு கழித்துக் குளியலறையிலிருந்து உயிருடன் வெளிவரும் அந்தப் புகழ்பெற்ற கோமாளித்தனத்தை அறிந்திருக்கிறேன். அது தெரிந்த பிறகு ‘ஸ்வான் சாங்’ அத்தியாயத்தின் மரணக் காட்சிக்கு ஏதேனும் மதிப்பு மிஞ்சுகிறதா? இடையிலிருக்கும் பருவத்தை முழுவதும் தாண்டிவிடலாமா?

ஈரக்காற்று எழுதியது:

தாராளமாக மிஞ்சுகிறது. ‘ஸ்வான் சாங்’ (1985 மே 17) எனக்கு இத்தொடரின் மிகச் சிறந்த அத்தியாயம். தொடரின் தயாரிப்பாளர் லெனர்ட் காட்ஸ்மனே எழுதி இயக்கியது. ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்து பாட்ரிக் டஃபி விலக விரும்பியதால் பாபிக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. சாகடிப்பது என்று தீர்மானித்த பிறகு, காட்ஸ்மன் அந்த மரணத்தைக் கதையின் மிகப் பழைய கேள்விக்கு விடையாக்கினார். பல ஆண்டுகள் பிரிந்திருந்த பாபியும் பமேலாவும் மறுமணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறார்கள், அதாவது 1978இல் தொடங்கிய காதல் கதை நிறைவடைகிறது. மறுநாள் காலையில் பமேலாவின் வீட்டு வாசலில், அவளை நோக்கி வேகமாக வரும் காரிலிருந்து அவளைத் தள்ளிவிட்டு அவன் அடிபடுகிறான். ஓட்டிவந்தவள் பமேலாவின் ஒருதாய்ச் சகோதரி கேத்தரின். குறி பமேலாதான், ஆனால் விழுந்தது பாபி.

மருத்துவமனைக் காட்சி நீளமானது. பாபி குடும்பத்தினரிடம் ஒற்றுமையாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறான், பமேலாவிடம் வீணாய்ப்போன காலத்தைப் பற்றிப் பேசுகிறான், இறக்கிறான். அந்த அறையில் என் கண் போவது ஜே.ஆரிடம். தம்பியை வீழ்த்துவதற்காகவே வாழ்ந்ததுபோல் இருந்தவன், எதிரி போய்விட்டால் தனக்கென்ன வேலை என்று புரியாமல் நிற்பதைப் போன்ற ஒரு முகம். பாபி பின்னால் திரும்பி வருவான் என்பது அந்த முகத்தின் உண்மையைக் குறைப்பதில்லை, ஏனெனில் அங்கே நிற்பவனுக்கு அது தெரியாது.

இனி இடைப்பட்ட பருவம். சிலர் சொல்வதுபோல் அது முழுக்கக் குப்பையன்று. அதன் தொடக்கத்தில் வரும் பாபியின் இறுதிச் சடங்கில், மற்றவர்கள் போன பிறகு ஜே.ஆர். தனியாகக் கல்லறையருகே நின்று தம்பியிடம் பேசுவது ஹாக்மனின் மிகச் சிறந்த தருணங்களில் ஒன்று. அதே நாளில் வந்த ‘ராக் பாட்டம்’ அத்தியாயத்தில் சூ எல்லன் குடியின் அடிமட்டத்துக்குப் போய்த் தெருவோரம் அலைகிறாள். லிண்டா கிரேயின் முகத்தில் அலங்காரம் ஏதுமில்லை, பெருமை ஏதுமில்லை. அந்தப் பெண் அதிலிருந்து எழுந்து வரும் பயணத்தை ஒரு பருவம் முழுவதும் கட்டிவிட்டு, அதை இன்னொருத்தி கண்ட கனவு என்று அழித்தது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

தொழில்முறையில் நடந்தது இதுதான். காட்ஸ்மன் அந்த ஆண்டு தொடரில் இல்லை, பார்வையாளர்களும் குறைந்தார்கள். 1984–85இல் அமெரிக்க அளவில் இரண்டாம் இடத்திலிருந்த தொடர் மறு ஆண்டு ஆறாம் இடத்துக்கு இறங்கியது. காட்ஸ்மனும் டஃபியும் 1986இல் திரும்பினார்கள். டஃபியின் குளியலறைக் காட்சியை ஒரு சோப்பு விளம்பரம் என்று சொல்லி இரகசியமாகப் படம் பிடித்தார்கள் என்ற கதை பலமுறை சொல்லப்பட்டது. 1986 செப்டம்பரில் ‘ரிட்டர்ன் டு கேம்லாட்’ அத்தியாயத்தில், ஓராண்டு நிகழ்வுகளும் பமேலாவின் கனவு என்று விளக்கம் வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இதன் கிளைத்தொடரான ‘நாட்ஸ் லேண்டிங்’கில் யூயிங் சகோதரர்களில் நடுவில் பிறந்தவனான கேரி, பாபியின் மரணத்துக்காக அழுதிருந்தான். அவனுடைய இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பெயரே பாபி. அங்கே யாரும் கனவு காணவில்லை. அதன்பின் இரு தொடர்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமலே ஓடின.

ஆகவே அந்தப் பருவத்தின் முதல் இரண்டு அத்தியாயங்களைப் பார்த்துவிட்டு, ஏஞ்சலிகா நீரோ வரும் கப்பல் முதலாளிக் கதையை முழுவதும் தாண்டிவிடுங்கள்.

எண்ணெய்க்கிணறு எழுதியது:

ஈரக்காற்று அவர்களின் கோபத்தை மதிக்கிறேன், ஆனால் கனவுத் திருப்பத்தை நான் இவ்வளவு கடுமையாக எடைபோடமாட்டேன். பாபி இல்லாத ஜே.ஆர். எதிரணி இல்லாத ஆட்டக்காரனாகிவிட்டான். அந்த ஆண்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எந்த வழியிலாவது பாபியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. இரட்டையர், முகமாற்று அறுவை சிகிச்சை, நினைவிழப்பு என்று அக்காலத் தொடர்கள் கையாண்ட மற்ற வழிகளைவிடக் கனவு குறைந்தபட்சம் ஒரு காட்சியில் முடிந்துவிட்டது. என் குறை வேறு: திரும்பி வந்த பாபியை வைத்து ‘ஸ்வான் சாங்’ அளவுக்கு ஓர் அத்தியாயத்தைக்கூட அவர்களால் எழுத முடியவில்லை.

நெய்தல்மணி எழுதியது:

இந்த இழையில் யாரும் ‘ரீல் லைஃப்’ அத்தியாயத்தைக் குறிப்பிடாதது வியப்பாக உள்ளது. 1989 மே மாதம் பன்னிரண்டாம் பருவத்தின் இறுதியாக வந்தது. லிண்டா கிரே தொடரிலிருந்து விடைபெறும் அத்தியாயம்.

சூ எல்லன் தன் மணவாழ்க்கையை ஒரு திரைப்படமாக எடுத்து முடித்திருக்கிறாள். அதை ஜே.ஆருக்குத் தனியாகத் திரையிட்டுக் காட்டுகிறாள். பதினோரு ஆண்டுகள் நாம் பார்த்த துரோகங்களையும் அவமதிப்புகளையும் வேறு நடிகர்களின் முகத்தில் பார்த்தபடி ஜே.ஆர். உட்கார்ந்திருக்கிறான். படத்தை வெளியிட்டால் அவன் பெயர் ஊர் சிரிக்கும். அவளோ உடனே வெளியிடப் போவதில்லை. மகனிடமோ தன்னிடமோ அவன் தவறாக நடந்துகொண்டால், அல்லது ஒருநாள் காலையில் தனக்கு மனநிலை சரியில்லாவிட்டாலும்கூட, வெளியிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அவன் மற்றவர்களிடம் பயன்படுத்திய கருவி எப்போதுமே இரகசிய ஆவணமும் மிரட்டலும்தான். அவனிடமிருந்து கற்ற பாடத்தை அவனிடமே ஒப்புவிக்கிறாள்.

இதில் எனக்குப் பிடித்தது, அவள் அழவில்லை, குடிக்கவில்லை, துப்பாக்கியையும் தொடவில்லை. 1978இன் தொடக்க அத்தியாயங்களில் சோபாவின் ஓரத்தில் பெரும்பாலும் வசனமின்றி அமர்ந்திருந்த பாத்திரம் அது. அங்கிருந்து இங்கு வந்து சேர்ந்ததுதான் ‘டாலஸ்’ தொடரின் உண்மையான கதை என்று வாதிடுவதற்கும் நான் தயார். தொடரின் படைப்பாளி டேவிட் ஜேக்கப்ஸ் பாபி, பமேலா இணையையே நடுவில் வைத்துத் தொடங்கினார், ஹாக்மனின் சிரிப்பு அந்தத் திட்டத்தை மாற்றியது என்பது எல்லோரும் எழுதுவது. லிண்டா கிரேயின் பார்வையும் அதே அளவுக்கு மாற்றியது என்பதை எழுதுவோர் குறைவு.

பிற்காலப் பருவங்கள் மொத்தத்தில் சோர்வளிப்பவை என்பதை மறுக்கமாட்டேன். 1991 மே 3 அன்று இரண்டு மணி நேரம் ஓடிய இறுதி அத்தியாயம் ‘கனண்ட்ரம்’, ஜே.ஆர். பிறக்காமலே இருந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று நடிகர் ஜோயல் கிரே வந்து காட்டுவதாக அமைந்தது. எண்ணம் நன்று, ஆனால் பழைய நடிகர்களை ஒவ்வொருவராக அழைத்து முகம் காட்டவைப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

செங்காந்தள் எழுதியது:

நெய்தல்மணி சொன்ன ‘ரீல் லைஃப்’ பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியதுதான். இன்னும் ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன்: ‘த சர்ச்’ (தேடல் என்று பொருள், 1982 ஜனவரி).

ஜாக்காக நடித்த ஜிம் டேவிஸ் 1981 ஏப்ரலில் காலமானார். நான்காம் பருவத்தில் நோயுடனேயே நடித்தார். அக்காட்சிகளில் அவர் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்தபடியே பேசுவதை இப்போது பார்த்தால் கவனிக்கலாம். வேறொருவரை அந்தப் பாத்திரத்தில் நடிக்கவைக்காமல், ஜாக் தென்னமெரிக்காவில் எண்ணெய்ப் பணியில் இருப்பதாகச் சொல்லி மாதக்கணக்கில் கதையை நடத்தினார்கள். பிறகு அவர் வந்த ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளானதாகச் செய்தி வருகிறது. ஜே.ஆர்., பாபி, ரே மூவரும் காட்டுக்குள் போய் ஏரியில் தேடுகிறார்கள். இடையிடையே ஒவ்வொருவருக்கும் தந்தையைப் பற்றிய நினைவுகள் பழைய அத்தியாயக் காட்சிகளாக வருகின்றன. பழைய காட்சிகளை ஒட்டிப் பணத்தை மிச்சம் பிடிக்கும் அத்தியாயங்களை நான் விரும்புவதில்லை, ஆனால் இங்கே நடிகரே இறந்துவிட்டார் என்பதால் அந்த நினைவுகளுக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. இறுதியில் கிடைப்பது உடலன்று, ஜாக் அணிந்திருந்த பதக்கம் மட்டுமே.

உடல் கிடைக்காததால் எல்லி அந்த மரணத்தை ஏற்க மறுக்கிறாள். அந்த மறுப்பை ஓரிரு அத்தியாயங்களில் முடித்துவிடாமல் வாரக்கணக்கில் நீட்டியது, அவசரத்துக்குப் பேர்போன இத்தொடரில் அரிய பொறுமை. பின்னொரு நாள் அவள் சமையலறையில் தட்டுகளை உடைத்துக்கொண்டே ஜாக் இறந்துவிட்டார் என்று கத்தும் காட்சி வரும். அதைத் தனியாகத் தேடிப் பார்க்காதீர்கள். ‘த சர்ச்’ தொடங்கி வரிசையாகப் பார்த்து வந்து அந்தக் காட்சியை அடைந்தால்தான் அதன் முழு வேகம் தெரியும்.

முல்லைநிலம் எழுதியது:

வரிசை என்றதும் ஒரு நடைமுறைக் குறிப்பு. 1978இல் வந்த ஐந்து அத்தியாயங்களை முதல் பருவமாகக் கணக்கிட்டால் தொடருக்குப் பதினான்கு பருவங்கள். அவற்றைத் தனிக் குறுந்தொடராக வைத்தால் பதின்மூன்று. குறுந்தகடுகள் ஒரு கணக்கையும், சில இணையப் பட்டியல்கள் இன்னொரு கணக்கையும் பின்பற்றுவதால், ‘ஸ்வான் சாங்’ ஓரிடத்தில் எட்டாம் பருவத்தின் இறுதி என்றும் மற்றோரிடத்தில் ஏழாம் பருவத்தின் இறுதி என்றும் இருக்கும். நெய்தல்மணி குறிப்பிட்ட பன்னிரண்டாம் பருவம் முதல் கணக்கின்படி. ஆகவே பருவ எண்ணை நம்பாமல் அத்தியாயத்தின் பெயரையும் ஒளிபரப்பான நாளையும் வைத்தே தேடுங்கள். கனவுப் பருவத்தைத் தாண்ட விரும்புகிறவர்கள் 1985 செப்டம்பர் 27 அன்று வந்த இரண்டையும் பார்த்துவிட்டு நேராக 1986 செப்டம்பர் 26க்குப் போய்விடலாம்.